கறுப்புக் கோடு போட்டால் பழைய டிவி ஆகிவிடுமா?

பழைய கண்ணாடிக் குழாய் டிவி ஒன்றில் எண்பதுகளில் வந்த கேம் எதையாவது ஓடவிட்டு, நல்ல பூதக்கண்ணாடி ஒன்றைத் திரையோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். கறுப்பு வானத்தில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளை நட்சத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. கேமின் நினைவகத்தில் அது ஒரே ஒரு பிக்சல். கண்ணாடிக்குள் தெரிவது வேறு. சதுரம் எங்கும் இல்லை, வெள்ளை நிறமும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மெல்லிய குச்சிகள் இரண்டு மூன்று தொகுதிகளாக அடுத்தடுத்து நிற்கின்றன. நடுவில் உள்ளவை பளிச்சென்று எரிகின்றன, ஓரத்தில் உள்ளவை மங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு குச்சியும் நடுவில் பிரகாசமாக இருந்து, மேலும் கீழும் போகப்போக இருட்டில் கரைகிறது. கண்ணாடியை விலக்கிக்கொண்டு நாலடி பின்னால் போனால் அத்தனையும் கூடி மறுபடி ஒரு வெள்ளை நட்சத்திரம் ஆகிவிடும். விளிம்பு மென்மையாக, கொஞ்சம் மினுக்கத்தோடு.

முதன்முதலாக அதை அப்படிப் பார்த்த நாளில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. கேம் கன்சோல் அனுப்பியது பாதிப் படம்தான். மீதியை வரைந்தது டிவி.

இன்று அதே கேமை, பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் போட்டுத் தட்டைத் திரையில் பார்க்கும்போது அந்தப் பாதிப் படம் மட்டும் வந்து நிற்கிறது. முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும், நிழல் விழவேண்டிய இடத்தில் புள்ளிக்கோலம் தெரியும். கொனாமி 1997இல் வெளியிட்ட ‘காஸில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்’ கேமில் டிராகுலாவின் முகச் சித்திரம் இதற்குப் பேர்பெற்ற உதாரணம். தட்டைத் திரையில் அவன் கண் வெறும் சிவப்புச் சதுரம். கண்ணாடி டிவியில் அதே சிவப்பு அக்கம்பக்கத்தில் கசிந்து, இமைக்கு அடியிலிருந்து கனல் எட்டிப்பார்ப்பது போல் இருக்கும். படம் வரைந்தவர்கள் டிவியில் எப்படித் தெரியும் என்று பார்த்துப் பார்த்து வரைந்த காலம் அது.

இழந்த அந்தப் பாதியைக் கணினிக் கணக்கால் மீட்டெடுப்பதற்குத்தான் ஷேடர்கள் எழுதப்படுகின்றன. ஷேடர் என்பது வரைகலைச் சிப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக ஓடும் சின்ன நிரல். ஆரம்பத்தில் பலரும் செய்தது எளிய வேலை: படத்தைப் பெரிதாக்கி, ஒரு வரி விட்டு ஒரு வரி கறுப்புக் கோடு போடுவது. ‘ஸ்கேன்லைன்’ என்ற பெயரில் இன்றும் பல கேம் தொகுப்புகளில் இதைத்தான் தருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, “பழைய டிவி இவ்வளவு மோசமாகவா இருந்தது?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அது பழைய டிவியே இல்லை. பழைய டிவியில் யாரும் கறுப்புக் கோடு வரையவில்லை. ஒளி படாமல் விட்டுப்போன இடம்தான் கறுப்பாகத் தெரிந்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாமே அதிலிருந்து புரியும்.

அரை வரியில் ஒளிந்திருந்த சூட்சுமம்

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்டிஎஸ்சி என்ற டிவி ஒளிபரப்பு முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 வரிகள். அதை ஒரே மூச்சில் வரையாமல், ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று இரண்டு பாதிகளாகப் பிரித்து வரைந்தார்கள். ஒவ்வொரு பாதிக்கும் 262.5 வரிகள். அந்த அரை வரி தவறுதலாக வந்ததல்ல. அது இருப்பதால்தான் இரண்டாவது பாதி தானாகவே அரை வரி தள்ளித் தொடங்கி, முதல் பாதி விட்ட இடைவெளியில் போய் உட்காரும்.

நிண்டெண்டோ, சேகா போன்றவர்களின் கன்சோல்கள் அந்த அரையைத் தூக்கிவிட்டு முழுசாக 262 வரி அனுப்பின. அரை வரி இல்லாததால் தள்ளலும் இல்லை. இரண்டாவது பாதியும் முதல் பாதி வரைந்த அதே இடத்தின் மேலேயே வந்து விழுந்தது. படம் நடுங்காமல் நிற்க வேண்டும், நொடிக்கு 60 முறை புதுப்படம் வர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இதைத்தான் இன்று 240பி என்கிறோம். விளைவு, நடுவில் இருந்த வரிகளுக்கு, படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை போகவே இல்லை. அந்த இருட்டுதான் ஸ்கேன்லைன். (ஐரோப்பாவின் பால் முறையில் 625 வரி, நொடிக்கு 50 முறை. 60க்கு எழுதிய கேம்களைத் திருத்தாமல் அங்கே விட்டதால் பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின.)

இனி அந்த இருட்டின் அகலத்தைக் கவனியுங்கள். டிவிக்குள் இருக்கும் எலக்ட்ரான் கற்றை, கூர்மையான பென்சில் முனை போன்றதல்ல. நடுவில் செறிந்து ஓரத்தில் தேயும் ஒரு பொட்டு. மின்னோட்டம் கூடக்கூட அந்தப் பொட்டு தடிக்கும். ஆகவே வெள்ளை மேகத்தை வரையும்போது வரிகள் பருத்து, இடையில் உள்ள இருட்டை ஏறக்குறைய மூடிவிடும். அடர்நீல இரவை வரையும்போது வரிகள் மெலிந்து இடைவெளி பெரிதாகும். ஒரே வரியிலேயே, வெள்ளை எழுத்து இருக்கும் இடத்தில் தடித்தும் பக்கத்தில் மெலிந்தும் ஓடும். ஒரே கனத்தில் கறுப்புக் கோடு போட்டால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்து படம் பார்ப்பது போல் ஆவது இதனால்தான். நல்ல ஷேடர் கோடு எதையும் வரையாது. ஒவ்வொரு வரியின் பொட்டும் எவ்வளவு பரவும் என்று கணக்கிட்டு ஒளியைக் கூட்டும். கறுப்பு தானாக மிஞ்சும்.

கூட்டுவது என்றேன். அந்தக் கூட்டலில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிவிக் குழாயில் மின்னழுத்தம் பாதியானால் ஒளி பாதியாவதில்லை, ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். காமா என்று சொல்வது இந்த வளைவைத்தான். கணினிப் படக்கோப்பிலும் இதே வளைவு உண்டு. 255 முழு வெள்ளை என்றால், பாதி ஒளி தரும் எண் 128 இல்லை, 186ஐ ஒட்டியது. கோப்பில் உள்ள எண்களை அப்படியே கூட்டி வகுத்தால் படம் சேறு பூசியது போல் இருண்டுவிடும். முதலில் ஒளி அளவாக மாற்றி, கூட்ட வேண்டியதைக் கூட்டி, கடைசியில் மறுபடி எண்ணாக்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கலப்பையும் அப்படிச் செய்யவும் கூடாது. வண்ணங்கள் இரண்டு இடங்களில் கலக்கின்றன: ஒன்று கேபிளுக்குள், இன்னொன்று கண்ணாடியில். கேபிளில் கலப்பது மின்னழுத்தம், அதாவது காமாவுக்கு முன்பே. கண்ணாடியில் கலப்பது ஒளி, காமாவுக்குப் பிறகு. கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் மெல்லிய பட்டைகள் கேபிளிலேயே கலந்துவிட்டால் கிடைப்பது அடர்ந்த சாம்பல். கலக்காமல் கண்ணாடி வரை தெளிவாக வந்து, தூரத்தில் இருக்கும் கண்ணில் கலந்தால் கிடைப்பது நல்ல வெளிர் சாம்பல். அதே படம், அதே டிவி. கலந்த இடம் மாறியதால் நிறம் மாறிவிட்டது. ஷேடரில் எந்தப் படி முன்னால், எந்தப் படி பின்னால் என்ற வரிசை இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

அருவிக்குள் தெரிந்த வானவில்

கேபிளில் நடப்பதைப் பார்க்க 1991இல் வந்த ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ போதும். முதல் கட்டத்திலேயே ஓர் அருவி வரும். பின்னால் இருக்கும் பாறை அதன் வழியே தெரியும். ஆனால் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்குள் ஊடுருவித் தெரியும் நீரை வரைய வழி இல்லை. வரைந்தவர்கள் ஒரு நெடுவரிசை விட்டு ஒரு நெடுவரிசை நீரை வரைந்தார்கள். தட்டைத் திரையில் அது சீப்புப் பல் போலத்தான் தெரியும்.

மஞ்சள் பிளக் கொண்ட காம்போசிட் கேபிளில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் போகின்றன. நிறத்தைச் சுமப்பது 3.58 மெகாஹெர்ட்ஸ் அலை. மெகா டிரைவ் 320 பிக்சல் அகலத்தில் படம் அனுப்பும்போது பிக்சல்கள் நொடிக்கு ஏறத்தாழ 67 லட்சம் என்ற வேகத்தில் வெளியேறும். ஒன்று விட்டு ஒன்று என்றால் அதில் பாதி: 3.36 மெகாஹெர்ட்ஸ். நிற அலைக்குப் பக்கத்து வீடு. டிவி, நிறத்தைப் பிரித்தெடுப்பதற்காக அந்த வட்டாரத்தை வடிகட்டும்போது சீப்புப் பல்லும் சேர்ந்து வடிகட்டப்பட்டுவிடும். மிஞ்சுவது சீரான, ஊடுருவித் தெரியும் நீர். முழுவதும் வடியாத பகுதியை டிவி நிறம் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு அலைகளும் சரியாக ஒத்துப்போகாததால் அந்தப் பொய் நிறம் இடத்துக்கு இடம் மாறி, அருவியில் வானவில் பட்டைகள் ஓடும். குறைபாட்டையே சாயமாக்கிக்கொண்ட சித்திரக்காரர்களின் கைவேலை இது. ஐரோப்பாவில் ஸ்கார்ட் கேபிளில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கம்பியில் கொண்டுபோனவர்களுக்குப் படம் துல்லியமாக இருந்தது, ஆனால் அருவி சீப்பாகவே நின்றது.

ஆக, பழைய டிவியை நகலெடுக்கிறேன் என்று கிளம்புபவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: எந்த டிவி, எந்தக் கேபிள்? சிறந்த ஸ்டுடியோ மானிட்டரை நகலெடுத்தால் அருவி போய்விடும். மலிவான வீட்டு டிவியை நகலெடுத்தால் எழுத்து கலங்கிவிடும். என் தேர்வு இடையில்தான்: மெகா டிரைவுக்குக் காம்போசிட், அருவி போன்ற தந்திரங்கள் இல்லாத கேம்களுக்கு இன்னும் தெளிவான கேபிள். கேமுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

நிறத்திலும் இதே சிக்கல். நிண்டெண்டோவின் 8 பிட் கன்சோலில் இருந்த படச் சிப், சிவப்பு பச்சை நீலம் என்று எதையும் வெளியே தருவதில்லை. காம்போசிட் அலையையே நேரடியாக உண்டாக்கும். அதில் வரும் 50க்குச் சற்று மேற்பட்ட நிறங்களுக்குக் கணினி எண் எதுவும் கிடையாது. டிவி எப்படி அவிழ்த்ததோ அதுதான் நிறம். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமின் வானம் நீலமா, ஊதா கலந்ததா என்ற வாதம் இன்னும் ஓயாததற்குக் காரணம், இரண்டு தரப்புமே தம் வீட்டு டிவியைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான். ஜப்பானிய டிவிகள் வெள்ளையை 9300 கெல்வின் என்ற குளிர்ந்த நீலச் சாயலுக்குச் சரிசெய்து வைத்திருந்தன. இன்றைய திரைகளின் பொது அளவு 6500. ஜப்பானில் வரைந்த படத்தை நம் திரையில் அப்படியே காட்டினால் கொஞ்சம் மஞ்சளடித்துத் தெரிவது இயல்பு.

முகமூடியும் வெளிச்சக் கடனும்

பூதக்கண்ணாடியில் பார்த்த குச்சிகளுக்கு வருவோம். குழாயின் முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. மூன்று துப்பாக்கிகளிலிருந்து வரும் மூன்று கற்றைகளில் ஒவ்வொன்றும் தனக்குரிய நிறப் பாஸ்பரில் (கற்றை பட்டால் ஒளிரும் பூச்சு) மட்டும் படுவதற்காக அது மற்ற இடத்தை மறைக்கும். அதனால்தான் ஷேடோ மாஸ்க் என்று பெயர். பழைய வகையில் துளைகள் வட்டம், மூன்று நிறப் புள்ளிகள் முக்கோணமாக அமையும். வீட்டு டிவிகளில் பரவலாக இருந்தது நீள்துளை வகை, செங்கல் சுவர் போல் வரிசை மாறி நிற்கும். 1968இல் சோனி கொண்டுவந்த டிரினிட்ரானில் துளையே கிடையாது, மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டிய நுண்ணிய கம்பிகள். அவை அதிராமல் இருக்கக் குறுக்கே ஒன்றிரண்டு இழைகள் ஓடும். வெள்ளைப் பின்னணியில் உற்றுப் பார்த்தால் அந்த இழையின் நிழல் மயிர் போலத் தெரியும்.

இதையெல்லாம் தட்டைத் திரையில் வரைய இடம் வேண்டும். 1080 வரிகள் கொண்ட திரையில் கேமின் 240 வரிகளில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது நாலரை வரி. அந்த அரை எங்கே போவது? ஒரு வரிக்கு நாலு, அடுத்ததற்கு ஐந்து என்று பிரித்தால் படம் முழுக்க அலையலையாக மேடுபள்ளம் தெரியும். 4கே திரையில் 2160 வரிகள், சரியாக ஒன்பது மடங்கு. ஒரு கற்றைப் பொட்டின் ஏற்ற இறக்கத்தை ஒன்பது படிகளில் காட்டலாம். அகலத்தில் 4:3 படத்துக்கு 2880 பிக்சல்கள் கிடைக்கும். மூன்று நிறக் குச்சிக்கும் ஓர் இருட்டு இடைவெளிக்கும் சேர்த்து நாலு பிக்சல் என்று வைத்தால் 720 தொகுதிகள். கேமின் 256 பிக்சல்களுக்கு அதைப் பங்கிட்டால் ஒன்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்த அதே கணக்கு! 4கே திரைகள் வந்த பிறகுதான் இந்த வேலை உண்மையிலேயே நிமிர்ந்து நின்றது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

திரை எப்படிக் கட்டப்பட்டது என்பதும் சேர்ந்துகொள்ளும். வழக்கமான எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் ஒழுங்காக நிற்கும். பல ஓஎல்இடி டிவிகளில் நாலாவதாக ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. வேறு சில வகைகளில் மூன்று நிறமும் முக்கோணமாக இருக்கும். ஒன்றுக்காக அளந்து தைத்த மாஸ்க் இன்னொன்றில் விளிம்புகளில் வேண்டாத நிறம் காட்டும். எனவே நல்ல ஷேடர்களில் திரையின் வகையைத் தேர்ந்தெடுக்கவே ஓர் அமைப்பு இருக்கும்.

பெரிய செலவு வெளிச்சத்தில்தான். ஒரு பிக்சலில் சிவப்பு மட்டும், அடுத்ததில் பச்சை மட்டும் என்று எரித்தால் மூன்றில் இரண்டு பங்கு ஒளி போய்விட்டது. வரிகளுக்கு இடையே இருட்டு விட்டால் மிஞ்சியதில் ஏறத்தாழ பாதி போகும். ஆறில் ஒரு பங்குதான் கையில் நிற்கும். ஸ்டுடியோ மானிட்டர்களுக்கு வெள்ளையின் அளவு 100 நிட் (நிட் என்பது பிரகாசத்தின் அலகு) என்று வைப்பது வழக்கம். அதை எட்டவே திரை 600 நிட் தர வேண்டும். குழாய்க்கும் இதே கதைதான், அதன் மாஸ்கும் கற்றையின் பெரும்பகுதியை விழுங்கியது. ஆனால் கற்றை படும் அந்த நொடித்துளியில் பாஸ்பர் வெறிகொண்டு எரிந்ததால் கடன் அடைந்துவிட்டது. பல ஷேடர்கள் மாஸ்கை லேசாக்கி, இருட்டை வெளிறச் செய்து சமாளிக்கின்றன. அப்போது படம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த மினுக்கம் வராது. மிகப் பிரகாசமான ஒளியைக் காட்டக்கூடிய எச்டிஆர் திரைகளின் உச்சப் பிரகாசத்தை நேரடியாகக் கேட்டு வாங்கும் ஷேடர்கள் வந்தபின் நிலைமை மாறிவருகிறது. ஒளிரும் திரை ஒன்றில் மாஸ்கை முழு வலுவோடு போட்டு, படத்தை ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் எதுவோ எரிகிறது என்ற அந்தப் பழைய உணர்வு வந்தது.

திரை வளைவு, மரப்பெட்டிச் சட்டம், கண்ணாடியில் அறையின் பிரதிபலிப்பு போன்றவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். வளைவு கூட்டினால் மாஸ்க் கணக்கு குலைந்து அலைக்கோலம் வரும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வருத்தம் தருவது வேறொன்று. பழைய டிவி என்று காட்டவேண்டிய இடத்தில் எல்லாம் படம் நடுங்குவதும், புள்ளி தெறிப்பதும், நிறம் பிரிந்து ஓடுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. அது பழுதான டிவியின், தேய்ந்த டேப்பின் அடையாளம். ஆரோக்கியமான குழாய் டிவியில் படம் அசையாமல், செழிப்பாக நின்றது.

ஒரு நொடியின் அறுபதில் ஒன்று

இதுவரை சொன்னது அசையாத படத்துக்கு. அசைய ஆரம்பித்தவுடன் வேறு சிக்கல்.

குழாய் டிவியில் எந்த நொடியிலும் முழுப் படம் என்று ஒன்று இருப்பதில்லை. கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக ஓட, பட்ட இடம் எரிந்து, பெரும்பகுதி ஒளி ஏறத்தாழ ஒரு மில்லி நொடியில் அடங்கிவிடும். அடுத்த 15 மில்லி நொடிக்கு அந்த இடம் இருட்டு. நம் கண்தான் சேர்த்துப் படமாக்கியது. எல்சிடியும் ஓஎல்இடியும் அப்படி இல்லை. ஒரு படத்தை ஏற்றினால் அடுத்தது வரும்வரை, 16.7 மில்லி நொடி, அப்படியே பிடித்து வைத்திருக்கும்.

பிடித்து வைத்தால் என்ன கெடுதல்? சோனிக் ஓடுகிறான், பின்னணி ஒரு படத்துக்கு எட்டு பிக்சல் வீதம் நகர்கிறது. நம் கண் அதைத் தொடர்ந்து சீராக உருளும். திரையோ 16.7 மில்லி நொடிக்கு அசையாமல் நின்று, பிறகு திடீரென்று எட்டு பிக்சல் தாண்டும். கண் நகர்ந்துகொண்டே இருக்கப் படம் நின்றுகொண்டிருப்பதால், விழித்திரையில் அது எட்டு பிக்சல் அகலத்துக்கு இழுபட்டுப் பதியும். திரை எவ்வளவு வேகமாக நிறம் மாற்றினாலும் இந்த இழுப்பு போகாது. எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதைக் குறைத்தால் மட்டுமே போகும். மாஸ்க், வரி எல்லாம் அச்சு அசலாக இருந்தும், கேம் நகரத் தொடங்கியதும் “ஏதோ குறைகிறதே” என்று தோன்றுவது இதனால்தான்.

படத்துக்குப் படம் நடுவில் ஒரு கறுப்புப் படத்தைச் செருகுவது பழைய வைத்தியம். 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படம் மாற்றும் திரையில் இழுப்பு பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும், சிலருக்குக் கண் வலிக்கும். 2024 டிசம்பரில் பிளர் பஸ்டர்ஸ் என்ற இணையதளத்தின் மார்க் ரெஜோனும், முன்பே ஒரு புகழ்பெற்ற சிஆர்டி (குழாய் டிவி) ஷேடரை எழுதிய டிமதி லாட்டிசும் சேர்ந்து வெளியிட்ட ஷேடர், கற்றையின் ஓட்டத்தையே நகலெடுத்தது. 240 ஹெர்ட்ஸ் திரை என்றால் கேமின் ஒரு படத்துக்கு நாலு துணைப்படங்கள் கிடைக்கும். முதல் துணைப்படத்தில் திரையின் மேல் கால்பகுதி எரியும், அடுத்ததில் அதற்குக் கீழே, இப்படி உருண்டு இறங்கும். பட்டைகளை வெட்டினாற்போல் அடுக்கினால் சந்திக்கும் இடம் கோடாகத் தெரியும் என்பதால், ஒன்றின் வாலும் அடுத்ததின் தலையும் ஒளி அளவில் மெல்ல மேற்பொருந்தும். பிரகாசமான பிக்சலின் ஒளி ஒரு துணைப்படத்தில் அடங்காவிட்டால் மீதி அடுத்ததில் வழியும். அதனால் வெளிச்சம் அதிகம் இழக்காமல் இழுப்பு குறைகிறது. அதிலும் ஒரு தடிப்பு, ஒரு மெலிவு: வெள்ளை கொஞ்சம் நீண்டு எரியும், மங்கல் சட்டென்று அணையும். 480 ஹெர்ட்ஸ் திரையில் எட்டுத் துணைப்படங்கள். இழுப்பு எட்டில் ஒரு பங்கை நெருங்கும்.

ஆனால் 480இல் ஒன்று என்பதும் குழாயின் கணக்கில் பெரிய நேரம். குழாய் டிவி நொடிக்கு 15,734 வரிகளை ஒவ்வொன்றாக வரைந்தது. 1984இல் வந்த ‘டக் ஹன்ட்’ கேமின் துப்பாக்கியில் அது தெரியும். விசையை அழுத்தியதும் கேம் திரையைக் கறுப்பாக்கி, அடுத்த படத்தில் வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் காட்டும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் குண்டு பட்டதாகக் கணக்கு. தட்டைத் திரை படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டினாலே கணக்கு தப்பிவிடும். போதாக்குறைக்கு, அந்த உணரியின் சுற்று குழாயின் வரித் துடிப்பை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. மின்விளக்கைச் சுட்டு ஏமாற்றாமல் இருக்கச் செய்த பாதுகாப்பு. கண்ணை நம்பவைக்கும் ஷேடரால் அந்தத் துப்பாக்கியை நம்பவைக்க முடியாது. 2001இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ போட்டிக்காரர்கள் கனத்த குழாய் டிவிகளை இன்னும் தூக்கிக்கொண்டு வருவதும் தாமதத்துக்கு அஞ்சித்தான்.

‘ஆஸ்டராய்ட்ஸ்’ போன்ற 1979ஆம் ஆண்டுக் கேம்களில் வரியே கிடையாது, கற்றை பேனா போல நேராக உருவத்தைக் கீறும். குண்டு போகும் இடத்தில் அது நின்று எரிவதால் கண் கூசும். அதற்குத் தனி ஷேடர், தனிக் கணக்கு. உச்சப் பிரகாசம் உள்ள திரை அங்கேதான் மிக அதிகமாகத் தேவைப்படும்.

உயிரோடு இருக்கும்போதே அளப்பது

இன்று இந்தக் கணக்குகள் பல இடங்களில் ஓடுகின்றன. ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் டஜன் கணக்கில் சிஆர்டி ஷேடர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பில் பழைய கன்சோல்களை மீட்டுருவாக்கும் மிஸ்டர் என்ற கருவியிலும் மாஸ்க் வசதி உண்டு. பழைய கன்சோலையே தட்டைத் திரையில் இணைக்க விரும்புகிறவர்களுக்கு 2023இல் வந்த ரெட்ரோடிங்க் 4கே என்ற பெட்டி இதே வேலையை நடுவில் உட்கார்ந்து செய்கிறது. கருவிக்குப் பஞ்சமில்லை. குறைந்துகொண்டே போவது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அசல்.

வண்ண டிவிக் குழாய்களைப் பெருமளவில் செய்யும் தொழிற்சாலைகள் மூடிவிட்டன. இருக்கும் குழாய்களில் எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு தேய்ந்து கற்றை பலவீனமாகிறது, குவியம் நழுவுகிறது, மின்தேக்கிகள் காய்ந்து படம் ஓரத்தில் கோணுகிறது. சோனி செய்த 43 அங்குலப் பெரிய டிவியான பிவிஎம்-4300 ஒன்று, சுமார் 200 கிலோ எடையுள்ளது, ஜப்பானில் ஒசாகாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்யப்பட்ட கதை 2024இல் வெளிவந்தபோது, அதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்காக ஆட்கள் அத்தனை சிரமப்பட்டது எனக்கு முற்றிலும் நியாயமாகவே பட்டது.

அளப்பதில் ஒரு நெருடல் இருக்கிறது. இன்று நாம் படமெடுத்து, நிறமானி வைத்து, ஷேடருக்கு எண்ணாக்கித் தரும் குழாய், 30 வருடம் எரிந்த குழாய். அதன் சிவப்பு, கடையிலிருந்து வந்த நாளில் இருந்த சிவப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தேய்மானத்தால் மாறுவதையும் மாறாததையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாஸ்கின் வடிவம் தேயாது, வரிகளின் எண்ணிக்கை தேயாது. பொட்டின் கூர்மையும் வெளிச்சமும் தேயும். முதல் வகையைக் கேமராவில் அப்படியே நம்பலாம். இரண்டாவது வகைக்கு, ஒரே மாதிரியில் குறைவாக ஓடிய குழாய்கள் சிலவற்றைத் தேடி ஒப்பிட்டால்தான் நியாயமான எண் கிடைக்கும்.

அந்த வெள்ளை நட்சத்திரத்தை நான் இப்போதெல்லாம் இரண்டு திரைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 4கே திரையில் ஷேடரோடு, அதே பூதக்கண்ணாடி. சிவப்பு, பச்சை, நீலக் குச்சிகள் மூன்று தொகுதியாக நிற்கின்றன, நடுவில் பிரகாசமும் ஓரத்தில் மங்கலும் சரியாக விழுகின்றன. குச்சிகளின் நுனி மட்டும் இன்னும் படிப்படியாகத்தான் தேய்கிறது, குழாயில் போல வழுவழுவென்று கரையவில்லை. ஒன்பது வரிக்குள் ஒரு வளைவை வரைந்தால் அவ்வளவுதான் வரும். கண்ணாடியை எடுத்துவிட்டு நாலடி பின்னால் போனால் அந்தப் படிகள் தெரிவதில்லை.